ரெய்டும் ஜோசபின், கார்னரும் ஜோசபின்

புணேயில், கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் முடிந்து ரயில் பாதை தொடங்கும் இடத்தில் நவஜோதி சங்கத்தின் மைதானம் இருந்தது. மைதானம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். மண்ணைச் சலித்துத் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டால் கபடி ஆடலாம். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் எருமைகள் வந்து படுத்துக்கொள்ளும். 1990இல், பதினைந்து வயதில், ஜோசபின் அங்கே போய் நின்றபோது பெண்கள் அணியில் அவளையும் சேர்த்து ஏழு பேர்தான்.

கபடிக்கு ஏழு பேர் போதுமே என்று நினைப்பவர்கள் கபடி ஆடியிருக்க மாட்டார்கள். மற்ற சங்கங்களில் பன்னிரண்டு பதினைந்து பெண்கள் இருந்தார்கள். அங்கே ரெய்டு போகிறவள் வேறு, பிடிக்கிறவள் வேறு. ரெய்டு போகிறவள் மூச்சை அடக்கி, கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிரணியின் பாதிக்குள் போய், யாரையாவது தொட்டுவிட்டு ஓடி வருவாள். வந்ததும் பின்வரிசையில் ஓரமாக நின்று மூச்சு வாங்குவாள். எதிரணிக்காரி பாடி வரும்போது அவள் கணுக்காலைப் பிடித்து விழுத்தாட்டுவது கார்னரில் நிற்பவளின் வேலை. நவஜோதியில் அப்படிப் பங்கு பிரிக்க ஆள் கிடையாது. ஜோசபினுக்குக் கால் நீளம், எட்டித் தொட முடிந்தது. கைப்பிடியும் இறுக்கம். முதல் மாதம் ரெய்டுக்குப் போனாள். இடது கார்னரில் நின்ற பெண்ணுக்குக் கல்யாணமானதும் அந்த இடமும் அவளுக்கே வந்தது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. மழை பெய்தால் சாக்கடை நிரம்புவதுபோல அது தானாக நடந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. "ஜோஸ் போகட்டும்" என்பார்கள், போவாள். திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்ட மறுநொடி, "ஜோஸ், கார்னர்!" என்பார்கள். ஓடிப்போய் இடது மூலையில் குனிந்து நிற்பாள். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் எதிரணிக்காரி பாடிக்கொண்டு உள்ளே வந்திருப்பாள். ஆட்டம் முடிந்தால் மற்றவர்களுக்கு ஒரு ஆட்டம் ஆடிய களைப்பு, அவளுக்கு இரண்டு ஆட்டக் களைப்பு.

வீட்டில் அம்மாவுக்கு அது காயங்களாக மட்டுமே தெரிந்தது.

"இன்னாடி இது? நேத்து முழங்கை, இன்னிக்கு மோவாயா? பொண்ணு பாக்க வர்றவங்க எந்தப் பக்கம் பாக்கறது?"

"பின்னாடிப் பக்கமா வரச் சொல்லும்மா."

"வாயி மட்டும் செராய்க்கவே மாட்டேங்குதே உனக்கு."

அப்பா ராஜா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் தொழிற்சாலையில் மருந்து நிரப்பும் பிரிவில் இருந்தார். தீக்குச்சி, பீடி, இரும்பு மோதிரம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்த குடும்பம். ஊரில் இருந்த வீடு சித்தப்பாக்கள் கைக்குப் போய்ப் பல வருடமாகிறது. இருந்தது இந்தக் குவார்ட்டர்ஸ் மட்டும்தான். 2003 மே மாதம் அவர் ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்ய வேண்டும். பிள்ளை என்று இருந்தது ஜோசபின் ஒருத்திதான்.

இதற்கு ஒரு வழி உண்டு என்று காட்டியவள் மந்தா. நவஜோதியில் ஆடிய பெண்தான். மாநில அணியில் இடம் பிடித்து ஒரே ஒரு தேசியப் போட்டியில் கலந்துகொண்டாள். அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் கான்ஸ்டபிள் ஆனாள். சிவாஜிநகர் போலீஸ் லைனில் இரண்டு அறை வீடு கிடைத்தது. மந்தா காக்கி உடுப்பில் ஒருநாள் மைதானத்துக்கு வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்:

"அந்தப் பொண்ணு என்ன, உன்னைவிட நல்லா ஆடுமா?"

"இல்லப்பா. அவ ரெய்டு மட்டும்தான்."

"அப்போ உனக்குச் சீக்கிரம் கிடைக்கும்" என்றார் அவர். கணக்கு அப்படித்தானே வர வேண்டும்.

வரவில்லை. 1994இலிருந்து 1998வரை ஐந்து வருடம் மாநில அணித் தேர்வுக்குப் போனாள். ஐந்து முறையும் முதல் நாள் கைதட்டல் கிடைத்தது, கடைசி நாள் பட்டியலில் பெயர் இல்லை. ஒரு மராத்திப் பத்திரிகை அவளை 'அஷ்டபைலு' என்று எழுதியது. எல்லாப் பக்கமும் பட்டை தீட்டியவள் என்று அர்த்தம். அணித் தலைவி சுவர்ணா அதைக் கத்தரித்து சங்க அறையின் சுவரில் ஒட்டினாள். தேர்வுக்குழுவில் இருந்த கோர்படே மேடத்திடம் இரண்டு பட்டியல்கள்தான் இருந்தன. ஒன்றில் யார் ரெய்டில் எத்தனை தொட்டார்கள் என்று இருந்தது. மற்றதில் யார் எத்தனை பிடித்தார்கள் என்று. ரெய்டுப் பட்டியலில் ஜோசபின் ஆறாவது, ஐந்து பேரை எடுப்பார்கள். பிடிப்பவர்கள் பட்டியலில் அவளுடைய மூலைக்கு இரண்டு பேரை எடுப்பார்கள், அவள் மூன்றாவது. இரண்டையும் சேர்த்து எழுதும் மூன்றாவது தாள் எதுவும் இல்லை.

ஐந்தாம் முறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"மேடம், எதுல குறை?"

கோர்படே மேடம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கெட்டவள் இல்லை. அவளும் அந்தக் காலத்தில் ஆடியவள்தான், இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது.

"குறை ஒண்ணுமில்ல. நீ ரெய்டு போயிட்டு வந்து மூச்சிரைக்க நிக்கறே, அதுல ரெண்டு பிடி விட்டுப்போகுது. பிடிச்சு எழுந்து அடுத்த நிமிஷமே ரெய்டு போறே, அதுல கால் ஒரு சாண் குறைவா நீளுது. எதாவது ஒண்ணை விடு."

"எங்க டீம்ல ஆளில்லையே மேடம்."

"அது உங்க டீமோட கஷ்டம். நான் மகாராஷ்டிரத்துக்கு ஆள் பாக்கறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது சுவர்ணா ஒரு கை வேர்க்கடலையை அவள் மடியில் கொட்டினாள். சுவர்ணா தாபோடிக்காரி. மெக்கானிக்கின் மகள், குள்ளம், குரல் பெரியது. பிடிப்பதைத் தவிர வேறெதுவும் ஆட மாட்டாள். அதனால் அவள் இரண்டு முறை மாநில அணிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அணி இரண்டு முறையும் அரையிறுதியைத் தாண்டவில்லை. சான்றிதழால் அவளுக்குத் தபால் இலாகாவில் வேலை கிடைத்தாயிற்று. இனி வேண்டியது ஒரு பதக்கம், அவ்வளவுதான் என்று அவளே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"அடுத்த வருஷம் ஒண்ணை விட்டுடறியா?" என்று கேட்டாள்.

"எதை விடறது?"

சுவர்ணா யோசித்தாள். ரெய்டை விட்டால் நவஜோதிக்குப் புள்ளி வராது, கார்னரை விட்டால் புள்ளி போய்விடும். "கடலை தின்னு" என்றாள்.

பகல் முழுக்க ஜோசபின் கட்கி பஜாரில் இஸ்மாயில் பாயின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆம்பூர்க்காரரான பாய், நாலு மணிக்கு அவளைப் பயிற்சிக்கு விட்டுவிடுவார். "ஏம்மா, மூஞ்சில பிளாஸ்டரோட வாசப்பக்கம் உக்காராதே. இங்க போன் பேசினா அடி விழும்போலன்னு கிராக்கி ஓடுது" என்பார். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆறு மணிநேரம்தான் அவளுக்கு ஓய்வு. சில நாள் வாடிக்கையாளர் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே மீட்டரைப் பார்த்தபடி தூங்கிவிடுவாள்.

1999 பிப்ரவரியில் பூத்துக்கே ஒருவர் வந்தார். பிம்ப்ரியில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றின் பணியாளர் மேலாளர், லோண்டே என்று பெயர். அவர்களிடம் பெண்கள் அணி இருந்தது. மன்னர் சிவாஜியின் பிறந்தநாளான சிவஜயந்திக்கு ஹடப்சரில் ஒரு மண்டல், அதாவது பேட்டைச் சங்கம், நடத்தும் போட்டியில் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய இடது கார்னர் ரேகா பவாருக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் இனி ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ரேகா பேர்ல நீ வந்து நில்லு. கார்டுல போட்டோ ரொம்ப மங்கல். ரெண்டு பேரும் ஒல்லி, ரெண்டு பேரும் கறுப்பு. எங்க முதலாளி வர்றாரு. ஃபைனல் ஜெயிச்சா பேக்கிங் செக்ஷன்ல உனக்கு நிரந்தரமா ஒரு இடம் கேக்கறேன்."

அடுத்தவர் பெயரில் ஆடுவது புணே மண்டல் போட்டிகளில் புதிதல்ல. பாதி அணிகளில் ஒரு ரேகாவோ ஒரு சுரேகாவோ வேறு யாராகவோ இருப்பாள். மாவட்டச் சங்கத்துக்குத் தெரிந்தால் ஒரு வருடத் தடை. அதனால் அப்படிப் போகிறவர்கள் கடைப்பிடிக்கும் முறை ஒன்று இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது, துப்பட்டாவை நெற்றிவரை கட்டிக்கொள்ள வேண்டும், நன்றாக ஆடக் கூடாது. லோண்டேயும் அதையேதான் சொன்னார்: "கார்னர்ல மட்டும் நில்லு. ரெய்டு பக்கமே போகாதே. நீ ரெய்டு போனா பாதி ஹடப்சருக்கு யாருன்னு தெரிஞ்சுடும்."

அவளும் சரி என்றாள். நிரந்தரம் என்ற சொல்லை அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க அவள் ரேகா பவாராகவே இருந்தாள். மைக்கில் மண்டல்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ரேகா பிடித்தாள், ரேகா விட்டாள் என்று தன்னைப் பற்றிக் கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு சுகமாகவே இருந்தது. ரேகாவுக்குக் களைப்பே இல்லை. ரெய்டு போகாமல் ஒரு மூலையில் நின்று பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று அவள் வாழ்க்கையில் முதல் முறை தெரிந்துகொண்டாள். இரண்டாம் பாதியில் கம்பெனியின் ரெய்டு பெண்கள் ஒவ்வொருவராக அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்தார்கள். களத்தில் அவளும் பிடிக்க மட்டும் தெரிந்த இரண்டு பெண்களும்தான் மிச்சம். நாலு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். லோண்டே கையை விரித்தார். முதலாளி பந்தலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

போகாமல் இருந்திருக்கலாம். அதை அவள் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குதிகாலைத் தரையில் பதித்து அலட்சியமாக நின்றாள். ஜோசபினின் கால் அவளைக் கேட்காமலே போய்விட்டது. ஒரே ரெய்டில் இரண்டு பேர். திரும்பி வந்து மூச்சுவிடுமுன் இடது மூலையில் போய்க் குனிந்தாள். வந்தவளின் கணுக்காலைப் பிடித்தாள். மறுபடியும் போனாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. மைக் பிடித்தவர் ரேகா, ரேகா என்று அழாத குறை. ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

பந்தலோரம் அவள் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "ரொம்ப நல்லா ஆடினே, ஜோசபின்."

"தாங்க்யூ சர்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பினாள். காட்கே சர். பத்து வருடமாக அவள் ஆட்டங்களுக்கு விசில் ஊதும் மாவட்ட நடுவர். அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவர் முகத்திலும் சங்கடம்தான்.

"ரெய்டு போயிட்டு நேரா இடது கார்னருக்குப் போற பொண்ணு இந்த ஜில்லாவிலேயே ஒருத்திதான். என் கண்ணுக்கு எதிரிலேயே பண்றியேம்மா. நான் எழுதாம விட்டா எதிர் டீம் எழுதும்."

ஒரு வருடத் தடைக் கடிதம் பூத் விலாசத்துக்கு வந்தது. பேக்கிங் செக்ஷன் பேச்சை அதன்பின் லோண்டே எடுக்கவில்லை. கோப்பையையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். மராத்தி வாசிக்க அவருக்கு நேரமாகும்.

"வேற பேர்ல எதுக்குமா ஆடினே?"

"வேலை தர்றேன்னாங்கப்பா."

அவர் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

தடை முடிந்து திரும்பியபோது அவளுக்கு இருபத்தைந்து. இரண்டாவது மாதமே, ஒரு ரெய்டிலிருந்து திரும்பும்போது, இரண்டு பேர் அவளுடைய வலது முழங்காலின் மேல் விழுந்தார்கள். உள்ளே துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூட்டுக்குள் இருக்கும் மெத்தை கிழிந்திருக்கிறது, நேராக ஓடலாம், குனிந்து நிற்கலாம், சட்டென்று திரும்பாதே, முழுசாகக் கிழிந்தால் நொண்டிதான் என்றார். சட்டென்று திரும்பாமல் ரெய்டு போக முடியாது. இரண்டு வருடம் அவள் ரெய்டுக்கும் போய்க்கொண்டு, கார்னரிலும் நின்றுகொண்டு, இரவில் அம்மாவிடம் வெந்நீர் ஒத்தடம் வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். அம்மா கேலி செய்வதை நிறுத்திவிட்டிருந்தாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

2002 டிசம்பரில் மாநிலத் தேர்வு வந்தபோது அப்பாவின் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. முதல் நாள் காலையில் சங்கப் பயிற்சியாளர் சாவந்த் சரிடம் போய்ச் சொன்னாள்:

"இந்த முறை நான் கார்னர் மட்டும். ரெய்டு கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

சாவந்த் சர் அடிபட்டதுபோலப் பார்த்தார். "உன் பாதி ஆட்டத்தைக் காட்டப் போறியா?"

"முழு ஆட்டத்தைத்தான் அஞ்சு தடவை பார்த்தாங்களே சர்."

மூன்று நாளும் இடது மூலையை விட்டு அசையவில்லை. யார் கூப்பிட்டாலும் காது கேட்காதவள்போல நின்றாள். மூச்சு இரைக்காததால் ஒரு பிடியும் தவறவில்லை. பட்டியல் வாசிக்கப்பட்டபோது இடது கார்னர் என்ற தலைப்புக்குக் கீழ் அவளுடைய பெயர் முதலில் வந்தது. கோர்படே மேடம் முதுகில் தட்டினாள். "இதைத்தானே அப்பவே சொன்னேன்" என்றாள். சுவர்ணாதான் இந்த முறை மாநில அணிக்குத் தலைவி. ஓடிவந்து ஜோசபினைத் தூக்கிச் சுற்றினாள். முட்டியைப் பார்த்து இறக்கு என்று ஜோசபின் கத்த வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு தேசியப் போட்டி பிம்ப்ரியிலேயே நடந்தது. மண் இல்லை, ரப்பர் விரிப்பு, ஷூ போட்டு ஆட வேண்டும். மண்ணில் கால் வழுக்கிக் கொடுக்கும். விரிப்பில் ஷூ அப்படியே பற்றிக்கொள்ளும், முட்டி மட்டும் திரும்பும். மூன்று ஆட்டம் முடிவதற்குள் முட்டி வீங்கிப் பன் மாதிரி ஆகிவிட்டது. காலிறுதி முடிந்த மாலை மந்தா பார்க்க வந்தாள். போலீஸ் ஆள்சேர்ப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பெண்களுக்கு ஓட்டம் பிப்ரவரி மூன்றாம் தேதி, அதற்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

"எண்ணூறு மீட்டர். இந்தச் சான்றிதழோட ஓடி முடிச்சுட்டா வேலை உனக்குத்தான். அன்னிக்கு ஓட முடியலைன்னா அடுத்த ஆள்சேர்ப்பு எப்பன்னு எனக்கே தெரியாது. முட்டியைப் பாத்துக்கோ."

மறுநாள் அரையிறுதி. எதிரணி பலமானது, எல்லாருமே வேலையில் இருந்துகொண்டு வருடம் முழுக்க ஆடுகிற பெண்கள். அப்பா அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மகள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சலவைச் சட்டை போட்டு, கையில் டிபன் டப்பாவோடு, எதற்கும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசி ஒன்றரை நிமிடத்தில் மகாராஷ்டிரம் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. ரெய்டு போகிற மூன்று பேரும் அவுட்டாகி வெளியே பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி ஆளை மாற்றவும் வாய்ப்புத் தீர்ந்துவிட்டது. களத்தில் மூன்று பேர்: சுவர்ணா, ஜோசபின், ஹர்ஷதா என்ற பதினெட்டு வயதுப் பெண். ஹர்ஷதாவும் பிடிக்கிறவள்தான். அடுத்தது மகாராஷ்டிரத்தின் ரெய்டு. உடனே யாராவது போயாக வேண்டும்.

சுவர்ணா திரும்பிப் பார்த்தாள். எதுவும் விளக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சொல்வதைச் சொன்னாள்:

"ஜோஸ், போ."

ஜோசபின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். கார்னருக்கு உள்பக்கம் நிற்கிற அவர்களுடைய வலது கவர் களைத்திருந்தாள். எடையை முழுக்கப் பின்காலில் போட்டு, முன்கால் விரல்களைச் சும்மா நீட்டியிருந்தாள். தாண்டினாலே ஒரு புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு கால் வைத்து, இடப்பக்கம் போவதுபோலக் காட்டி, வலது காலில் சட்டென்று திரும்பினால் அந்த விரல்கள் கிடைக்கும். இரண்டு புள்ளி, சமம். அவளுக்குச் சந்தேகமே இல்லை. உடம்பு முன்னால் சாயக்கூடத் தொடங்கிவிட்டது.

அப்போது ஒரு அலுப்பு வந்தது. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு ஆட்டத்தில் வருகிற களைப்பும் இல்லை. போ என்றால் போய், கார்னர் என்றால் கார்னருக்கு ஓடி, எப்போதும் மிச்சமிருக்கிறவளாக இருந்து இருந்து சேர்ந்துபோன அலுப்பு. அந்த வலது காலில் திரும்பித்தான் புள்ளியை எடுக்க வேண்டும். அதே காலால்தான் பிப்ரவரி மூன்றாம் தேதி ஓட வேண்டும்.

"நான் போகலை" என்றாள்.

சுவர்ணாவுக்குப் புரியவில்லை. "என்ன?"

"நான் கார்னர் மட்டும்தான் சுவர்ணா. போகலை."

"விளையாடாதே ஜோஸ். டைம் போகுது!"

வெளியிலிருந்து பயிற்சியாளர் கத்தினார். நடுவர் கையை உயர்த்தினார். ஜோசபின் இடது மூலையில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சுவர்ணா ஒரு நொடி அவளையே பார்த்துவிட்டு ஹர்ஷதாவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அந்தப் பெண் வாழ்க்கையில் ரெய்டு போனதில்லை. கபடி கபடி என்று அவள் பாடியது பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல இருந்தது. மூன்றே அடியில் நாலு பேர் அவள்மேல் விழுந்தார்கள். அதற்குப் பிறகு வந்த எதிரணிக்காரியை ஜோசபின் கணுக்காலைப் பிடித்து விழுத்தாட்டினாள், பிசகில்லாத பிடி. அதனால் ஒன்றும் ஆகவில்லை. விசில் ஊதிவிட்டது.

அப்பா வெளியே காத்திருந்தார். தோற்றதுகூட அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. "நல்லா பிடிச்சேம்மா" என்று டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம். அவள் நின்றபடியே தின்றாள், பசி தாங்க முடியவில்லை. அணி பஸ்ஸில் சுவர்ணா முன்னிருக்கையில் உட்கார்ந்தாள், பின்னால் திரும்பவே இல்லை. மற்றப் பெண்கள் ஜோசபினுக்கு முட்டி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பனிக்கட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் மறுத்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி முட்டியில் பட்டை கட்டி எண்ணூறு மீட்டர் ஓடினாள். பதினொரு பேரில் ஏழாவதாக வந்தாள், அது போதுமாக இருந்தது. ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நாலு மாதம் தருவார்கள். அது முடிவதற்குள் போலீஸ் லைனில் இரண்டாம் மாடியில் வீடு ஒதுக்கினார்கள். அம்மா படியேறிப் போய்ச் சமையலறையைப் பார்த்தாள். "ஜன்னலு கீது" என்றாள். அவளுடைய வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

சாவியை வாங்கிய வாரம், ஒரு ஞாயிறு மதியம், ஜோசபின் தாபோடிக்குப் போனாள். ஏழு மாதமாகச் சுவர்ணா மைதானத்துக்கு வரவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டாள் என்று சொன்னார்கள். சுவர்ணா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. துணியை முடித்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஜோசபின் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டிக்கொண்டாள்.

"வீடு கிடைச்சுதாமே."

"கிடைச்சுது. ரெண்டாம் மாடி."

"தண்ணி வருதா?"

"காலைல ஒரு மணிநேரம்."

டீ கொதித்தது. சுவர்ணா அதை இறக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ போயிருந்தா, எடுத்திருப்பியா?"

முட்டி வலித்தது என்று சொல்லலாம். அந்தக் கவர் பெண் பலசாலி, பிடித்திருப்பாள் என்று சொல்லலாம். சுவர்ணா அதை நம்பத் தயாராகக்கூட இருந்தாள், அது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வழியெல்லாம் ஜோசபின் யோசித்துக்கொண்டு வந்தவையும் இந்தப் பதில்கள்தான்.

"எடுத்திருப்பேன்" என்றாள்.

சுவர்ணா இடுக்கியால் பாத்திரத்தை இறக்கினாள். இரண்டு டம்ளரில் ஊற்றினாள், ஒன்றைத் தரையில் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள். தன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய், தெருவைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஜோசபின் எழுந்து போகவில்லை.

"ஆறுது. குடி" என்றாள் சுவர்ணா, திரும்பாமலே.